ரிசல்ட் வந்த பிறகு... எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களும் அவர்களின் கேள்விகளும்

"பாசிட்டிவா யோசிங்க!" இந்த அறிவுரையைக் கேட்காத ஆளே தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சுயமுன்னேற்றப் புத்தகம் எழுதுபவர்கள், டி.வி. பேச்சாளர்கள், பரீட்சைக்குப் பயப்படும் பையனைத் தட்டிக் கொடுக்கும் வாத்தியார் என்று எல்லோருக்கும் பிடித்த சொல் இந்த "பாசிட்டிவ்". ஆனால் இதே சொல்லைக் கேட்டு உடைந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அதைக் கேட்பது அரசு மருத்துவமனையின் ஒரு சின்ன அறையில். அந்த அறைக்குத் தமிழ்நாட்டில் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "நம்பிக்கை மையம்".

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் அங்கேதான் நடக்கிறது. உள்ளே போகும்போது ஒருவர் லாரி டிரைவர், இல்லத்தரசி, கல்லூரி மாணவன் அல்லது கர்ப்பிணி. வெளியே வரும்போது அவர் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. உடம்பில் ஒரு மாற்றமும் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் காலையில் இருந்த வாழ்க்கை மாலையில் இல்லை. வைரஸ் அவர் உடம்புக்குள் வந்து பல வருடங்கள் ஆகியிருக்கலாம். அதன் அர்த்தம் மட்டும் அன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த அர்த்தத்தைப் பற்றியது. எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்துவிடுகிறோம். அது வந்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது எந்தப் பாடத்திலும் வருவதில்லை.

முதலில் கொஞ்சம் அறிவியல்

எச்.ஐ.வி. வேறு, எய்ட்ஸ் வேறு. எச்.ஐ.வி. என்பது கிருமி. நம் உடம்பின் நோய் எதிர்ப்புப் படையில் முக்கியமான சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களை அது கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 500 முதல் 1500 வரை சி.டி.4 அணுக்கள் இருக்கும். அது 200-க்குக் கீழே போனாலோ, காசநோய் போன்ற சில குறிப்பிட்ட நோய்கள் உடம்பைப் பிடித்துக்கொண்டாலோ அந்தக் கட்டத்துக்குப் பெயர்தான் எய்ட்ஸ். சிகிச்சையே இல்லாவிட்டால் இந்தக் கட்டத்துக்கு வர சராசரியாக 8 முதல் 10 வருடங்கள் ஆகும். சிகிச்சை எடுத்தால் பலர் இந்தக் கட்டத்துக்கு வருவதே இல்லை.

இது எல்லோருக்கும் பொதுவான உண்மை. கிருமிக்கு ஜாதி, ஒழுக்கம், ஊர் எதுவும் தெரியாது. ஆனால் மனிதர்களுக்குத் தெரியுமே! பிரச்சனை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நோய்க்கு முன்னால் வந்த கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி செய்த ஆய்வு அது. பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தபோது 6 மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. அதுவரை "இது வெளிநாட்டுக்காரர்கள் நோய், நம் கலாச்சாரத்தில் வராது" என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

மருத்துவ உலகுக்கு அது முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் தேடிய இடத்தில்தானே கிடைக்கும்? பாலியல் தொழிலாளர்களிடம் தேடினார்கள், அவர்களிடம் கிடைத்தது. பொதுமக்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "அப்படிப்பட்டவர்களுக்கு வருகிற நோய்" என்ற கதை அன்றே எழுதப்பட்டுவிட்டது. அடுத்து வந்த பிரச்சாரங்களும் அந்தக் கதையைப் பலப்படுத்தின. "உயிர்க்கொல்லி நோய்", "ஆட்கொல்லி நோய்" என்று சுவரெல்லாம் எழுதினார்கள். மண்டை ஓடு படம் போட்டார்கள். பயந்தால் ஜனங்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்பது அன்றைய கணக்கு.

2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊரெல்லாம் ஒரு விளம்பரம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது எல்லோரையும் பேச வைத்தது. அதுவரை வெளிப்படையாகப் பேசவே கூசிய விஷயத்தை டீக்கடைக்குக் கொண்டுவந்தது. அந்த வகையில் அது பெரிய வெற்றி. ஆனால் அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. எய்ட்ஸ் வருவதென்றால் புள்ளிராஜா போன்ற ஆளாக இருக்க வேண்டும் என்று அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பதில் ஒளிந்திருந்தது. சினிமாவும் சும்மா இருக்கவில்லை. 2007-ல் வந்த "மிருகம்" படத்தில் பெண்களைத் துன்புறுத்தித் திரியும் நாயகனுக்குக் கடைசியில் எய்ட்ஸ் வருகிறது. பார்த்தவர்கள் மனதில் அது செய்த தப்புக்குக் கிடைத்த தண்டனையாகத்தான் பதிந்திருக்கும்.

ஆக, ஒருவருக்கு ரிசல்ட் வரும்போது அவர் வெற்றுத் தாளோடு உட்காரவில்லை. அவருக்கு முன்பே எழுதப்பட்ட ஒரு கதை கையில் திணிக்கப்படுகிறது. அதில் அவருக்கு இரண்டே வேடங்கள்தான். ஒன்று, பாவம் செய்தவர். இன்னொன்று, "ஐயோ பாவம்" என்று பார்க்கப்படும் அப்பாவி. மனிதர்கள் இந்த இரண்டுக்குள் அடங்குவார்களா என்ன?

"எனக்கு ஏன்?"

மருத்துவர் "எப்படி வந்தது" என்று சொல்வார். நோயாளி கேட்பது "ஏன் வந்தது" என்று. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல.

அமெரிக்க மருத்துவரும் மானுடவியலாளருமான பால் ஃபார்மர் 1980-களில் ஹைத்தி நாட்டின் ஒரு கிராமத்தில் வேலை செய்தார். எய்ட்ஸ் அந்த ஊருக்குள் புதிதாக வந்துகொண்டிருந்த நேரம். ஊர்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசிப் பேசி ஒரு விளக்கத்துக்கு வந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். கிருமியால் வரும் நோய் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் பொறாமை பிடித்த யாரோ மந்திரத்தால் "அனுப்பிய" நோயாகவும் இருக்கலாம் என்று நம்பினார்கள். நம் ஊரில் செய்வினை, ஏவல் என்று சொல்வது போலத்தான்.

கேட்கும்போது மூடநம்பிக்கை என்று சிரிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் படித்தவர்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? "இந்த நோயே ஹைத்திக்காரர்களால்தான் இங்கே வந்தது" என்று. ஹைத்தியர்கள் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே பலர் ஒதுக்கப்பட்டார்கள். கிராமத்துக்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் குற்றம் சொன்னார்கள். பெரிய நாடு ஒரு சின்ன நாட்டையே குற்றம் சொன்னது. "யாரால் வந்தது?" என்ற கேள்வியை விட்டு இரண்டு பேருமே வெளியே வரவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "தலையெழுத்து". விதி என்று சொல்வதைப் படித்தவர்கள் சோம்பேறித்தனம் என்று நினைப்பார்கள். ஆனால் கணவனிடமிருந்து தொற்று பெற்ற ஒரு பெண்ணின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அவள் வாழ்க்கையில் அவள் முடிவெடுத்த விஷயம் எதுவுமே இல்லை. மாப்பிள்ளையை வீட்டார் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தியது. யாரும் ரத்தப் பரிசோதனை கேட்கவில்லை. கல்யாணமாகிக் கர்ப்பமானதும் வழக்கமான பரிசோதனைக்குப் போகிறாள், அங்கே தெரிகிறது. "நான் செய்த தப்பு என்ன?" என்று அவள் எத்தனை முறை கணக்குப் போட்டாலும் விடை பூஜ்யம்தான். அப்போது "தலையெழுத்து" என்ற சொல் அவளுக்கு ஒரு புகலிடம். "இது உன் குற்றம் இல்லை" என்று வேறு யாரும் சொல்லாதபோது அவளே தனக்குச் சொல்லிக்கொள்ளும் வழி அது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கர்ப்பிணிகளுக்குத்தான் தவறாமல் பரிசோதனை நடக்கிறது. அதனால் பல குடும்பங்களில் மனைவிக்குத்தான் முதலில் தெரிகிறது, கணவனுக்குப் பிறகுதான் தெரிகிறது. முதலில் தெரிந்தவரிடமிருந்துதான் முதலில் வந்தது என்று புகுந்த வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள்! ரிசல்ட் வந்த வரிசையை வைத்தே தீர்ப்பு எழுதப்படுகிறது. கணவன் இறந்த பிறகு வீட்டை விட்டும் சொத்திலிருந்தும் விரட்டப்பட்ட பெண்களின் கதைகள் இங்கே ஏராளம்.

கதை அறுந்து போகிற இடம்

மைக்கேல் பரி என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1982-ல் ஒரு கருத்தைச் சொன்னார். அவர் ஆராய்ந்தது மூட்டுவாத நோயாளிகளை. நீண்டகால நோய் என்பது உடம்பில் மட்டும் நடக்கிற விஷயம் அல்ல, ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் வாழ்க்கைக் கதையே நடுவில் அறுந்து போகிறது என்றார் அவர். நாளைக்கு இப்படி இருப்பேன், பத்து வருடம் கழித்து அப்படி இருப்பேன் என்று எல்லோரும் மனதுக்குள் ஒரு கதை வைத்திருக்கிறோம். நோய் வந்ததும் அந்தக் கதை செல்லாது. புதிதாக ஒன்று எழுத வேண்டும்.

எச்.ஐ.வி.க்கு இது அப்படியே பொருந்தும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 1995-ல் டானியேல் காரிகாபுரு, ஜானின் பியரே என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் வேறு ஒன்றைக் கவனித்தார்கள். எச்.ஐ.வி. உள்ள ஆண்களில் இரண்டு பிரிவினரிடம் அவர்கள் பேசினார்கள். ஒரு பிரிவினர் ஹீமோஃபீலியா உள்ளவர்கள். காயம் பட்டால் ரத்தம் உறையாத பரம்பரை நோய் அது. அதற்காக ஏற்றிக்கொண்ட ரத்தப் பொருள்கள் வழியாக அவர்களுக்கு எச்.ஐ.வி. வந்திருந்தது. இன்னொரு பிரிவினர் ஓரினச்சேர்க்கையாளர்கள். ஹீமோஃபீலியா உள்ளவர்கள் பிறந்ததிலிருந்தே ஆஸ்பத்திரியும் ஊசியுமாக வாழ்ந்தவர்கள். அவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. என்பது கதை அறுந்த இடமாகத் தெரியவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நோய்க் கதையின் அடுத்த அத்தியாயமாகத்தான் தெரிந்தது. ஓரினச்சேர்க்கையாளர்களில் சிலருக்கோ அது தங்கள் சமூகத்தோடு இன்னும் இறுக்கமாகத் தங்களை இணைத்தது. அதாவது, நோய் ஒருவருக்கு என்னவாகத் தெரியும் என்பது அவர் அதுவரை யாராக வாழ்ந்தார் என்பதைப் பொறுத்தது.

சரி, கதையே அறுபடாதவர்களும் உண்டு. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்று பெற்ற குழந்தைகள்! 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் அப்படிப் பிறந்து பிழைத்தவர்கள் இன்று இளைஞர்கள். வேலைக்குப் போகிறார்கள், காதலிக்கிறார்கள். "எச்.ஐ.வி.க்கு முன்னால்" என்று ஒரு காலமே அவர்களுக்குக் கிடையாது. சிறுவயதில் மாத்திரை எதற்கு என்று கேட்டால் "சளி பிடிக்காமல் இருக்க", "சத்து மாத்திரை" என்று பாட்டியோ அத்தையோ சொல்லியிருப்பார்கள். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் எச்.ஐ.வி. பற்றிய பாடத்திலோ, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய போஸ்டரிலோ உண்மையைத் தானே கண்டுபிடிக்கிற பிள்ளைகள் உண்டு. கிருமியை விட "என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?" என்பதுதான் அப்போது பெரிய காயம். பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் வயதுக்குப் புரியும் விதத்தில் படிப்படியாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வழிகாட்டுதல் வெளியிட்டதற்குக் காரணம் இதுதான்.

யாரிடம் சொல்வது?

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் வாழ்க்கையில் தினமும் வரும் கேள்வி இது. கணவன் அல்லது மனைவியிடம் சொல்ல வேண்டும். அம்மாவிடம்? வீட்டு ஓனரிடம்? பல் பிடுங்கும் டாக்டரிடம்? ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவரை எடை போட வேண்டும். உள்ளூர் சிகிச்சை மையத்தில் தெரிந்த முகம் இருக்குமோ என்று பயந்து அடுத்த மாவட்டத்துக்குப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு "தைராய்டு மாத்திரை" என்று சொல்கிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இது பொய். உள்ளே இருப்பவர்களுக்கு இது குடை. மழை வரும் என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள் குடை எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த மழை எப்படிப்பட்டது? கோவாவில் 1989-ல் நடந்ததைப் பாருங்கள். டொமினிக் டிசோசா என்ற இளைஞர் அடிக்கடி ரத்ததானம் செய்பவர். அப்படிக் கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. உட்கார வைத்து ஆலோசனை சொல்லவில்லை, போலீஸை அனுப்பினார்கள். கோவாவில் அப்போதிருந்த பொது சுகாதாரச் சட்டத்தின்படி, பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டிடம் ஒன்றில் அவரை 64 நாட்கள் தனியாக அடைத்து வைத்தார்கள். அவருடைய தாயார் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். டொமினிக் வெளியே வந்தார், ஆனால் அந்தச் சட்டம் செல்லும் என்றே நீதிமன்றம் சொன்னது. டொமினிக் ஓடி ஒளியவில்லை. தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் இறந்து போனார்.

இன்னொரு சம்பவம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. எல்லோரும் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினார்கள், அது நியாயம்தான். ஆனால் ரத்தம் கொடுத்த அந்த இளைஞனைப் பற்றியும் பேச வேண்டும். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவனே போய் "என் ரத்தத்தைப் பயன்படுத்தாதீர்கள்" என்று சொன்னான். அதற்குள் அது ஏற்றப்பட்டுவிட்டது. அவன் செய்தது முழுக்க முழுக்கச் சரியான காரியம். தவறு பரிசோதனையில் நடந்தது. ஆனால் "நான் ஒரு உயிரைக் கெடுத்துவிட்டேன்" என்றுதான் அவன் அதைப் புரிந்துகொண்டான். அந்த மாதம் முடிவதற்குள் அவன் தன் உயிரை முடித்துக்கொண்டான்.

யோசித்துப் பாருங்கள். 2018-ல் எச்.ஐ.வி.க்கு இலவச மருந்து உண்டு. அவன் அதை எடுத்துக்கொண்டு இன்னும் பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கலாம். அவனைக் கொன்றது கிருமி இல்லை. அந்தக் கிருமிக்கு அவன் கொடுத்த அர்த்தம். அந்த அர்த்தத்தை அவன் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை, நாம் எல்லோரும் சேர்ந்துதான் அவனுக்குக் கொடுத்திருந்தோம். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பிறகு உறுதியானது. அதைக் கேட்க அவன் இல்லை.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஒருவரைத் தனிமைப்படுத்தக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ, விவரத்தை வெளியே சொல்லவோ கூடாது. டொமினிக் காலத்தில் சட்டம் செய்ததை இன்று சட்டமே தடுக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் பார்வைக்கு எந்தச் சட்டப் பிரிவும் கிடையாதே.

மாத்திரை மாற்றிய அர்த்தம்

1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபோது பணக்கார நாடுகளில் சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் ஒரு வருட மருந்தின் விலை 10,000 டாலருக்கு மேல். இந்தியாவில் யாரால் முடியும்? 2001-ல் மும்பையின் சிப்ளா கம்பெனி வருடத்துக்கு 350 டாலருக்கு, அதாவது ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறோம் என்று அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று. தாம்பரம் சானடோரியம் என்றாலே வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற இடம் என்று ஒரு காலத்தில் பெயர் இருந்தது. அங்கே வந்தவர்கள் மாத்திரையோடு ஊர் திரும்பத் தொடங்கினார்கள்.

அப்போது எல்லோருக்கும் உடனே மருந்து கிடைக்கவில்லை. சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே வந்தால்தான் தொடங்குவார்கள். அதனால் அந்த எண்ணே பலருக்கு வாழ்க்கையின் அளவுகோல் ஆனது. பரீட்சை மார்க் போல "எனக்கு 340, உங்களுக்கு எவ்வளவு?" என்று வரிசையில் நின்று கேட்டுக்கொள்வார்கள். 2017-லிருந்து நிலைமை வேறு. எண் எதுவாக இருந்தாலும், தொற்று உறுதியானதும் மருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் இந்தியாவின் கொள்கை.

மருந்து வந்ததும் புது விளக்கமும் வந்தது. "இது சுகர், பி.பி. மாதிரிதான். தினமும் மாத்திரை போட்டால் போதும்." ஆலோசகர்கள் சொல்வதும் இதுதான், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் இதுதான். மருத்துவ ரீதியாக இது பெருமளவு உண்மை. ஆனால் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. சுகர் இருப்பவர் கல்யாண வீட்டுப் பந்தியில் "எனக்கு சுகர், பாயசம் வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லலாம். பக்கத்து இலைக்காரர் தன் சுகர் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். எச்.ஐ.வி.யை அப்படிச் சொல்ல முடிகிற நாள் வரும்போதுதான் "சுகர் மாதிரி" என்பது முழு உண்மையாகும்.

இன்னொரு பெரிய மாற்றம் 2011-ல் வந்தது. 9 நாடுகளில் 1,763 ஜோடிகளிடம் நடந்த ஒரு ஆய்வு அது. சென்னையும் அதில் ஒரு இடம். ஜோடியில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உண்டு. அவர் சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. 2016-லும் 2019-லும் ஐரோப்பாவில் வெளியான ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவிய நிகழ்வு ஒன்றுகூட அவற்றில் இல்லை. கர்ப்பத்திலும் இப்படித்தான். சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்று வரலாம். சிகிச்சை எடுத்தால் அது 5-க்கும் கீழே.

இந்தப் புள்ளிவிவரத்தை ஒரு மனிதரின் இடத்திலிருந்து படிக்க வேண்டும். பல வருடங்களாக "நான் விஷம், என்னைத் தொட்டவருக்கு ஆபத்து" என்று நினைத்து வாழ்ந்த ஒருவரிடம், "மாத்திரையை ஒழுங்காகப் போடும்வரை உங்களால் உங்கள் துணைக்கு வராது" என்று சொல்வது சாதாரண மருத்துவத் தகவல் அல்ல. குழந்தையை முத்தமிடவே தயங்கிய ஒரு அம்மாவுக்கு அது என்னவாக இருக்கும்! (முத்தத்தால் எச்.ஐ.வி. ஒருபோதும் பரவாது. ஆனால் பயம் அறிவியலைக் கேட்டுக்கொண்டா வருகிறது?)

தங்களுக்குத் தாங்களே வைத்த பெயர்

1983-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஒரு மாநாட்டில் எய்ட்ஸ் வந்த சிலர் மேடை ஏறி ஒரு அறிக்கை படித்தார்கள். எங்களைப் "பலியானவர்கள்" என்று சொல்லாதீர்கள், எப்போதும் "நோயாளிகள்" என்றும் சொல்லாதீர்கள், நாங்கள் எய்ட்ஸ் உள்ள மனிதர்கள் என்பதுதான் அதன் சாரம். "எய்ட்ஸ் நோயாளி" என்பது போய்த் தமிழில் "எச்.ஐ.வி. உள்ளோர்", "எச்.ஐ.வி.யோடு வாழ்வோர்" என்று வந்ததற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட குரல்கள்தான் இருக்கின்றன.

அப்படிப்பட்ட குரல்களில் ஒன்று கௌசல்யா பெரியசாமியுடையது. நாமக்கல் பகுதியைச் சேர்ந்தவர். திருமணத்தின் மூலம் தொற்று பெற்றவர். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன முதல் சில இந்தியப் பெண்களில் ஒருவர். 1998-ல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்காகவே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். தலையெழுத்து என்று அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசியபோது ஒன்று தெரிந்திருக்கும். இத்தனை பேருக்கும் ஒரே மாதிரியாகவா தலையில் எழுதியிருக்கும்? ஒரே மாதிரி நடந்திருக்கிறது என்றால் காரணம் விதியில் இல்லை, கல்யாணம், சொத்து, ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கும் விதத்தில் இருக்கிறது. தனியாக இருந்தால் "எனக்கு ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. கூட்டமாக உட்காரும்போது அது "நமக்கு ஏன்?" என்று மாறுகிறது. அதற்குப் பதில் தேட முடிகிறது, மனு எழுத முடிகிறது, வழக்குப் போட முடிகிறது.

எல்லோரும் மேடை ஏற வேண்டும் என்பதில்லை. சிலருக்குப் பிள்ளையைப் படிக்க வைப்பதே புதிய கதை. சிலருக்கு மறுமணம். முதல் தொற்றைக் கண்டுபிடித்த அதே டாக்டர் சுனிதி சாலமன் (2015-ல் காலமானார்) பின்னாளில் தன்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு வரன் பார்த்துக் கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. மதம், படிப்பு, வருமானம் என்ற வழக்கமான பொருத்தங்களோடு ரத்தத்தில் வைரஸின் அளவும் பார்ப்பாராம்! இதைப் பற்றி "லவ்சிக்" என்று ஒரு ஆவணப்படமும் வந்திருக்கிறது. ஜாதகக் கட்டத்துக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். சிரிப்பு வரலாம். ஆனால் மற்றவர்களைப் போல நானும் ஒரு வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்ற ஆசையை விட இயல்பான ஆசை எது?

இந்தியாவில் இன்று சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். நம் பஸ்ஸில், வகுப்பில், கல்யாணப் பந்தியில் அவர்களும் இருக்கிறார்கள். நமக்குத் தெரியாது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் இருக்கிறது. டிசம்பர் 1 வந்தால் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு பேரணி போகிறோம், கோலப்போட்டி வைக்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் மறுநாள் கேண்டீனில் ஒருவன் இன்னொருவனைக் கேலி செய்ய "டேய், உனக்கு எய்ட்ஸ் வந்துரும்டா" என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு நடக்கும்போது அதே மேஜையில் காலையில் மாத்திரை போட்டுவிட்டு வந்த ஒருவர் இருக்கலாம். தன் கதையை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று அவர் அந்த நொடியில் முடிவு செய்துகொண்டிருப்பார்.